மலை வீட்டில் குழந்தைக்கு வீசிங்: குளிர் மேல் போடும் பழியும் கண்ணில் படாத ஓதமும்

ஆஸ்துமாவைப் பற்றி மலையில் இரண்டு பேச்சு ஓடுகிறது. கீழே இருப்பவர்கள், "ஊட்டிக் காத்து சுத்தமான காத்து, அங்கே போனா மூச்சுத் தொல்லையே வராது" என்பார்கள். மேலே குடியிருப்பவர்களோ, "இந்தக் குளிர் உங்க பையனுக்கு ஆகலை, பேசாம மேட்டுப்பாளையத்துல ஒரு வீடு பாருங்க" என்பார்கள். கொடைக்கானலிலும் இதே பேச்சுதான். மேட்டுப்பாளையத்துக்குப் பதில் பெரியகுளம், வத்தலக்குண்டு என்று ஊர்ப்பெயர் மட்டும் மாறும்.

இரண்டுமே வெளியே வீசும் காற்றைப் பற்றிய பேச்சு. ஆனால் மழை மாதங்களில் ஒரு சின்னக் குழந்தை நாளின் பெரும்பகுதியை நான்கு சுவருக்குள்தான் கழிக்கிறது. அதிலும் பாதி நேரம் ஒரே கட்டிலில், ஒரே தலையணையில். அந்த அறைக்குள் இருக்கும் காற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குளிர் மீது பழியைப் போட்டு ஜன்னல்களை இறுக மூடுகிறோம், உள்ளே கணப்பு போடுகிறோம், பெட்டியிலிருந்து பழைய கம்பளியை எடுத்துப் போர்த்துகிறோம். குழந்தைக்கு உண்மையில் தொல்லை தரும் விஷயங்கள் இதனால்தான் கூடுகின்றன. இது எப்படி நடக்கிறது என்று புரிந்துவிட்டால், வீட்டில் எதை மாற்ற வேண்டும் என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

## மூச்சுக்குழாய்க்குள் என்ன நடக்கிறது

விளையாடும்போது விழுந்து முட்டியில் தோல் உரிந்த பையனை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் அலறுவான். மற்ற முட்டியில் அதே தண்ணீர் பட்டால் அவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது. தோல் உரிந்திருப்பதால்தான் உப்பு எரிகிறது.

ஆஸ்துமா உள்ள குழந்தையின் மூச்சுக்குழாய்களின் உட்புறமும் கிட்டத்தட்ட அப்படித்தான், எப்போதும் கொஞ்சம் சிவந்து வீங்கியே இருக்கும். இந்த நிலைக்கு அழற்சி என்று பெயர். குழந்தை நன்றாக ஓடியாடும் நாளிலும் இது அடியில் இருந்துகொண்டே இருக்கலாம். இப்படிப் புண்பட்ட குழாயில் ஏதாவது உறுத்தினால் மூன்று காரியங்கள் சேர்ந்து நடக்கும்: குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும், உட்சுவர் இன்னும் வீங்கும், சளி கூடுதலாகச் சுரக்கும். குழாய் குறுகிப்போவதால் வெளியேறும் காற்று விசில் மாதிரி சத்தம் எழுப்புகிறது. வீசிங், இளைப்பு என்று நாம் சொல்வது இதைத்தான்.

"நெஞ்சில் சளி கட்டிடுச்சு" என்று மட்டும் சொல்வது பாதி உண்மைதான். சளி இந்த மூன்றில் ஒன்று, அவ்வளவே. அதனால்தான் இருமல் மருந்தைப் பாட்டில் பாட்டிலாகக் குடித்தாலும் ஆஸ்துமா அடங்குவதில்லை. இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் நோயும் இல்லை. அக்காவையும் தம்பியையும் தனித்தனியாகப் படுக்க வைக்க வேண்டியதில்லை.

ஐந்து வயதுக்குள் வரும் வீசிங் எல்லாமே ஆஸ்துமா ஆகிவிடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல குழந்தைகளுக்குச் சளிக் காய்ச்சலோடு வந்து, வளர வளரத் தானாகவே நின்றுவிடும். எது என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்தான்.

## தூண்டிகளில் இரண்டு வகை

இளைப்பைக் கிளப்பிவிடும் எதையும் தூண்டி என்கிறார்கள். பொதுவாக எல்லாத் தூண்டிகளையும் ஒரே பட்டியலில் போட்டுவிடுகிறோம். தூசு, புகை, குளிர், ஓட்டம், சிரிப்பு, அழுகை என்று அது நீளும். அவற்றை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

முதல் வகை, உரிந்த முட்டியில் பட்ட உப்புத் தண்ணீர் மாதிரி. பட்டால் எரியும், பிறகு அடங்கிவிடும். குளிர்ந்த காற்று, ஓட்டம், விழுந்து விழுந்து சிரிப்பது, காரமான வாசனை எல்லாம் பெரும்பாலும் இந்த வகை. இரண்டாவது வகை, அதே முட்டியில் நாள் முழுக்க உரசிக்கொண்டிருக்கும் முரட்டுத் துணி மாதிரி. அது புண்ணை ஆறவே விடாது. தூசு உண்ணி, பூஞ்சணம், செல்லப்பிராணிகளின் உடலிலிருந்து வரும் ஒவ்வாமைப் பொருள், தினம் தினம் சுவாசிக்கும் புகை ஆகியவை இதில் சேரும்.

ஒவ்வாமை என்பது, சாதாரணமாகத் தீங்கு செய்யாத ஒரு பொருளை உடல் எதிரியாக நினைத்துப் போராடுவது. எல்லாக் குழந்தைக்கும் எல்லாம் ஒவ்வாமை ஆவதில்லை. ஒரு குழந்தைக்குப் பூனை ஆகாது, இன்னொன்று பூனையைக் கட்டிக்கொண்டு தூங்கும்.

சரி, இதுவரை பார்த்தது: ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாயில் நீடிக்கும் அழற்சி. சில தூண்டிகள் அதைச் சீண்டிவிட்டுப் போய்விடும், சில அதை ஆறவே விடாது. வீட்டில் நாம் துரத்த வேண்டியது முதலில் இந்த ஆறவிடாத வகையை. குளிர் அந்த வகையில் வராது.

## "மலைக்காற்று நல்லது" என்பது எங்கிருந்து வந்தது

இந்த நம்பிக்கை முழுப் பொய்யில்லை. ஸ்விட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் மலையில் சுமார் 1,560 மீட்டர் உயரத்தில் டாவோஸ் என்ற ஊர் இருக்கிறது. ஆஸ்துமா உள்ள குழந்தைகளை அங்கே அனுப்பி வைப்பது ஐரோப்பாவில் நெடுநாள் வழக்கமாக இருந்தது. போன குழந்தைகளுக்கு நன்றாகவே குணம் தெரிந்தது. அதற்கு ஒரு முக்கியமான காரணம் பிறகுதான் விளங்கியது. அந்த ஊர்க் காற்று மிகவும் வறண்டது. அந்த வறட்சியில் தூசு உண்ணிகளால் பிழைக்க முடிவதில்லை.

ஊட்டி அதைவிட உயரம், சுமார் 2,240 மீட்டர். ஆனால் நம் மலைகள் வறண்ட மலைகள் இல்லை. கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை. கொடைக்கானலுக்கும் ஆண்டின் கடைசி மாதங்களில்தான் பெரிய மழை. மற்ற நாட்களில் மூடுபனி ஜன்னலுக்குள்ளேயே வந்து போகும். டாவோஸ் குழந்தைகளுக்கு நல்லது செய்தது உயரம் கொண்டுவந்த வறட்சி. நம்மிடம் உயரம் இருக்கிறது, வறட்சி இல்லை. மேட்டுப்பாளையத்துக்கு வீடு மாறிய குழந்தைக்குச் சில சமயம் குணம் தெரிவதும் இதனால்தான் இருக்கும் என்பது என் எண்ணம். ஓதமேறிய வீட்டை விட்டு அந்தக் குழந்தை உலர்ந்த வீட்டுக்குப் போயிருக்கும்.

## ஓதம் எங்கிருந்து வருகிறது

காற்றில் நீர் ஆவியாகக் கலந்திருக்கிறது. சூடான காற்று அதிக நீரைத் தாங்கும், குளிர்ந்த காற்று குறைவாகத் தாங்கும். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் 9 கிராம்தான். தாங்கக்கூடிய அளவில் எத்தனை சதவீதம் இப்போது இருக்கிறது என்பதுதான் ஈரப்பதம்.

இப்போது உங்கள் வீட்டு இரவை யோசியுங்கள். ஜன்னல், கதவு எல்லாம் மூடியாயிற்று. கயிறு கட்டி, காயாத பள்ளிச் சீருடையை அறைக்குள்ளேயே தொங்கவிட்டாயிற்று. நாலு பேர் மூச்சுவிடுகிறார்கள். வெந்நீர்க் குளியல் ஆவி, சோறு வடித்த ஆவி எல்லாம் உள்ளேயே நிற்கிறது. இதோடு இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: சமையல் கேஸ் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். அப்படியென்றால் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்வதற்குள் 20 லிட்டருக்கு மேல் தண்ணீர் சமையலறைக் காற்றில் கலக்கிறது. புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரும் மண்ணெண்ணெய் ஹீட்டரும் அறைக்குள் இதே வேலையைத்தான் செய்கின்றன. உடம்புக்கு இதமாக இருக்கும், சுவரோ நனையும்.

இந்த ஈரக் காற்று குளிர்ந்த சுவரில் படும்போது, தாங்க முடியாத நீரை அங்கேயே விட்டுவிடுகிறது. காலையில் ஜன்னல் கண்ணாடியில் வழியும் நீர் அதுதான். கண்ணாடியில் தெரிவது சுவரில் தெரியாது, சுவர் குடித்துவிடும். எந்த மூலையில் காற்று ஓடாதோ அங்கேதான் அதிகம். குன்னூர்ப் பக்கம் ஒரு லைன் வீட்டில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) நவம்பர் மாதம் பீரோவை நகர்த்திப் பார்த்தோம். முன்பக்கச் சுவர் சுத்தமாக வெள்ளையடித்திருந்தது. பீரோவுக்குப் பின்னால் அதே உயரம், அதே அகலத்துக்குக் கரும்பச்சைப் புள்ளிகள். கையால் தடவினால் ஈரம், கிட்டப் போனால் பழைய சாக்கு வாடை. அந்தச் சுவரின் மறுமுனையை ஒட்டித்தான் குழந்தையின் கட்டில் கிடந்தது.

அந்தப் புள்ளிகள்தான் பூஞ்சணம். அது காற்றில் விடும் நுண்ணிய வித்துகள் மூச்சோடு உள்ளே போகின்றன. ஓதமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் ஆஸ்துமாத் தொல்லை கூடுகிறது என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

மலை வீடுகளுக்கே உரிய இன்னொரு வழியும் உண்டு. சரிவை வெட்டிக் கட்டிய வீட்டில் பின்சுவர் மண்ணை ஒட்டியே நிற்கும். மேட்டிலிருந்து இறங்கும் மழைநீர் நேராகச் சுவருக்குள் ஊறும். இதற்கு உள்ளே எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் பயனில்லை, ஆறே மாதத்தில் உரிந்துவிடும். வெளியே போய்ப் பார்க்க வேண்டும். பின்சுவரை ஒட்டிக் குவிந்த மண்ணையும் இலைச் சருகையும் அள்ளி, தண்ணீர் ஓடிப்போக ஒரு கால்வாய் வெட்டி, மழைக்கு முன் அதைத் தூர்வாரி வைத்தால் பாதி ஓதம் போய்விடும். கூரைத் தகரத்தில் ஓட்டை இருந்தால் அதையும் அப்போதே அடைத்துவிடலாம்.

## குளிரும் நாளில் ஜன்னலைத் திறப்பதா

திறக்கத்தான் வேண்டும். எப்போது என்பதுதான் கேள்வி. வெளியே குளிர்ந்த காற்றில் மொத்த நீரின் அளவு குறைவு. அதை உள்ளே விட்டுக் கொஞ்சம் சூடாக்கினால், தாங்கும் சக்தி கூடி அது உலர்ந்த காற்றாகிவிடும். 10 டிகிரியில் கிட்டத்தட்ட முழு ஈரத்தோடு வரும் காற்றுகூட 20 டிகிரிக்கு ஏறினால் பாதி ஈரப்பதத்தில்தான் நிற்கும். ஆகவே சமைக்கும்போதும் குளித்த பிறகும் பத்து இருபது நிமிடம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். வெயில் அடிக்கும் நேரம் இன்னும் நல்லது. மூடுபனி அறைக்குள் புகுகிற வேளையில் மட்டும் மூடி வையுங்கள். அப்போது ஆவியோடு நீர்த்துளிகளும் சேர்ந்தே உள்ளே வந்துவிடும். ஜன்னல் திறந்திருக்கும் நேரம் குழந்தையை வேறு அறையில் ஸ்வெட்டர், குல்லாவோடு இருக்க வைத்தால் போதும்.

ஆனால் அறை துளியும் சூடாகாவிட்டால் இந்தக் கணக்கு பாதிதான் பலிக்கும். புகையும் ஆவியும் விடாத சூடு வேண்டும். நியூசிலாந்தில் ஆஸ்துமா உள்ள குழந்தைகளின் வீடுகளில் சரியான ஹீட்டர் வைத்துக் கொடுத்துச் செய்த ஆய்வு 2008இல் வெளியானது. நுரையீரல் அளவீடுகளில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் இரவு இருமலும் இளைப்பும் குறைந்தன, பள்ளிக்கு லீவு போடும் நாட்களும் குறைந்தன. நம்மில் பலருக்கு வீடு முழுக்கச் சூடாக்கக் கட்டுப்படியாகாது. குழந்தை தூங்கும் அறைக்கு மட்டும், தூங்குவதற்கு முன் கொஞ்ச நேரம் ஒரு எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீட்டர் ஓடினால்கூட வித்தியாசம் தெரியும். அதுவும் முடியாதென்றால், வீட்டிலேயே நன்றாக வெயில் படும் அறையைக் குழந்தைக்குக் கொடுங்கள். நல்ல அறையை விருந்தாளிக்கென்று பூட்டி வைத்துவிட்டு, பின்கட்டு ஓத அறையில் பிள்ளைகளைப் படுக்க வைக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

இருக்கிற பூஞ்சணத்தைச் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் தேய்த்து எடுத்து, சுவரை முழுவதும் காயவிட வேண்டும். தேய்க்கும்போது வாய், மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், குழந்தை அந்த அறையில் இருக்கக் கூடாது. பீரோ, கட்டில், புத்தக அலமாரி எல்லாவற்றையும் சுவரிலிருந்து நாலு விரலாவது தள்ளிப் போடுங்கள்.

இந்தப் பகுதியின் சாரம்: மூடிய வீட்டில் நாமே உண்டாக்கும் நீராவியும், வெளியிலிருந்து ஊறும் நீரும் சேர்ந்து ஓதமாகின்றன. வெளிநீரை வெளியிலேயே தடுக்க வேண்டும், உள்ளாவியை வெளியே அனுப்ப வேண்டும்.

## கம்பளிக்குள் குடியிருக்கும் தூசு உண்ணி

தூசு உண்ணி என்பது எட்டுக் கால் உள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுயிர். நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். கடிக்காது, நோய் பரப்பாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்களைத் தின்று வாழும். அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலுள்ள ஈரத்தை உடம்பால் உறிஞ்சிக்கொள்கிறது. அதனால்தான் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீண்ட நாள் இருந்தால் வற்றிச் செத்துவிடுகிறது. பிரச்சினை அந்த உயிரைவிட அதன் எச்சத்தில்தான். அதிலுள்ள நொதிகள் மூச்சுக்குழாயின் உட்சுவரையே அரிக்கக்கூடியவை.

ஊட்டிக் குளிரில் அது எப்படி வாழும் என்று கேட்கலாம். அறை குளிர்ந்திருந்தாலும் படுக்கை குளிர்ந்திருப்பதில்லை. மெத்தை, தலையணை, கம்பளிக்குள் உடம்புச் சூடும் வேர்வை ஈரமும் ராத்திரி முழுக்க இருக்கின்றன. குழந்தையின் மூக்கும் அங்கேதான் இருக்கிறது. உண்ணியின் எச்சம் காற்றில் அதிக நேரம் மிதக்காது, அசைத்தால் எழும்பிச் சீக்கிரம் படிந்துவிடும். ஆகவே கூடத்துத் தரையைவிடத் தலையணையே முக்கியம்.

உறைபனிக் காலம் தொடங்கும்போது டிரங்குப் பெட்டியிலிருந்து கம்பளி, ஸ்வெட்டர் எல்லாம் வெளியே வரும். பல வீடுகளில் அடுத்த வாரமே இருமல் ஆரம்பிக்கும். "குளிர் வந்துடுச்சு, இருமல் வந்துடுச்சு" என்போம். அந்தக் கம்பளி ஏழெட்டு மாதம் பெட்டிக்குள் ஈரத்தோடு மடிந்து கிடந்ததை மறந்துவிடுவோம். எடுத்தவுடன் போர்த்தாதீர்கள். வெளியே நன்றாக உதறி, துவைக்க முடிந்ததைத் துவைத்து, வெயிலில் மொறுமொறு என்று காயவிட்டுப் பிறகு கொடுங்கள். கம்பளிக்கு மேல் ஒரு பருத்தி உறை தைத்துப் போட்டால் உறையை மட்டும் வாராவாரம் துவைக்கலாம்.

தலையணை உறை, விரிப்பு எல்லாம் வாரம் ஒருமுறை சுமார் 60 டிகிரி சூட்டு நீரில் துவைத்தால் உண்ணி சாகும். கை பொறுக்காத சூடு அது, ஆகையால் வாளியில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, ஆறியபின் கசக்குங்கள். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் எச்சம் போகும், உண்ணி பிழைத்துக்கொள்ளும். குழந்தை விடாத கரடி பொம்மையை ஒரு பையில் கட்டி ஃப்ரீஸரில் ஒருநாள் முழுக்க வைத்துவிட்டு, பிறகு அலசிக் காயப்போடலாம். வெளியே விழும் உறைபனி அந்த வேலையைச் செய்யாது, அவ்வளவு குளிர் போதாது.

தரை ஜில்லென்று இருக்கிறது என்று சுவருக்குச் சுவர் கார்பெட் போட்ட பழைய வீடுகள் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நிறைய. குழந்தை தூங்கும் அறையிலிருந்தாவது அதை எடுத்துவிடுங்கள். காலுக்குச் செருப்பு, கீழே துவைக்கக்கூடிய சின்ன விரிப்பு போதும். பெருக்கும்போது எழும் தூசும் இதே தூசுதான். ஈரத்துணியால் துடைப்பது மேல்.

நாய், பூனை பற்றி: ஒவ்வாமைப் பொருள் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கிறது, முடி அதைச் சுமந்துகொண்டு வருகிறது. குழந்தைக்கு அது ஆகவில்லை என்று மருத்துவர் உறுதி செய்தால் மட்டும் யோசியுங்கள். குறைந்தபட்சம் கட்டிலில் ஏறவிடாமல் பாருங்கள்.

## புகை

கேஸ் அடுப்பு வந்த பிறகு நம் வீட்டில் புகை இல்லை என்று நினைக்கிறோம். மலையில் அது பாதிதான் உண்மை. சமையல் கேஸில் நடந்தாலும், வெந்நீர் அடுப்பு பல வீடுகளில் விறகில்தான் எரிகிறது. சீகை, கற்பூர மரம், கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி எது கிடைத்தாலும் உள்ளே போகும். மழையில் நனைந்த விறகு இரண்டு மடங்கு புகையும். அந்த அடுப்புக்கு முன்னால்தான் குழந்தைகள் குளிர்காய உட்கார்ந்திருக்கும்.

விறகுப் புகையில் இருக்கும் நுண்துகள்கள் மூச்சுக்குழாயின் கடைசிக் கிளை வரை போய்ச் சேரும். கேஸோ மின்சார கீசரோ முடிந்தால் மாற்றிவிடுவது நல்லது. முடியாவிட்டால், அடுப்பை வீட்டுக்கு வெளியே சாய்ப்புக்கு மாற்றுங்கள், கூரைக்கு மேல் எழும் புகைபோக்கி வையுங்கள், காய்ந்த விறகை மட்டும் எரியுங்கள், அடுப்பு எரியும் நேரம் உள்கதவைச் சாத்தி வையுங்கள். குழந்தை குளிர்காயும் இடத்தை வேறெங்காவது மாற்றுங்கள்.

கரிக் கணப்பு அறைக்குள் கூடவே கூடாது. இது ஆஸ்துமாவைத் தாண்டிய விஷயம். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு வாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அறைக்குள் கரியடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழாமலே போயிருக்கிறார்கள்.

சிகரெட், பீடியை வாசலில் நின்று பிடித்தாலும் சட்டையிலும் ஸ்வெட்டரிலும் ஒட்டிக்கொண்டு உள்ளே வரும். தாத்தாவோ சித்தப்பாவோ அதற்காகக் கோபித்துக்கொண்டாலும் இதை நேராகச் சொல்லிவிட வேண்டும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் கொசுவர்த்திச் சுருள் பழக்கம் உண்டு. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள், ரகத்தைப் பொறுத்து 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று கண்டார்கள். கொசுவலை கட்டினால் இந்தப் பேச்சே இல்லை.

குளிப்பாட்டியதும் கைக்குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுவது அன்பினால் செய்வது. "தலை காயணும், சளி பிடிக்கக் கூடாது" என்று பாட்டி சொல்வதிலும் அக்கறைதான் இருக்கிறது. ஆனால் அந்தப் புகையும் நுண்துகள்தான், குழந்தையின் முகத்துக்கு நேராகப் போகிறது. இளைப்பு உள்ள குழந்தைக்கு அது வேண்டாம். காய்ந்த துண்டால் தலையை நன்றாகத் துவட்டினால் அதே பயன். பாட்டியிடம் சண்டை போடாமல், "அம்மாச்சி, டாக்டர் புகை ஆகாதுன்னு சொல்லியிருக்கார்" என்றால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள்.

## தைலமும் ஆவியும்

நீலகிரித் தைலம் நம் ஊரின் பெருமை. தடவினால் மூக்கு திறந்த மாதிரி இருக்கும். குறுகிய மூச்சுக்குழாயை அது திறப்பதில்லை. இன்னும் சொல்லப்போனால், காரமான வாசனையே சில குழந்தைகளுக்கு இளைப்பைக் கிளப்பும். தைலத்தையும் கற்பூரத்தையும் சின்னக் குழந்தை தவறி விழுங்கினால் வலிப்பு வரை போகலாம், ஆகவே எட்டாத உயரத்தில் வையுங்கள். போர்வையை மூடிக்கொண்டு ஆவி பிடிப்பதாலும் ஆஸ்துமா அடங்காது, வெந்நீர் கவிழ்ந்து வெந்துபோகும் ஆபத்துதான் மிச்சம்.

## குளிர், சளிக் காய்ச்சல், சாப்பாடு

குளிருக்கும் பங்கு உண்டு. குளிர்ந்த காற்று மூச்சுக்குழாயின் ஈரத்தை உலர்த்தி, தசையை இறுகச் செய்யும். காலையில் பள்ளி வண்டிக்கு நடக்கும்போது மூக்கையும் வாயையும் மஃப்ளரால் மூடினால் போதும், வெளியே விளையாடவிடாமல் தடுக்க வேண்டியதில்லை.

குழந்தைகளுக்கு இளைப்பைக் கிளப்பிவிடுவதில் முதலிடம் சாதாரணச் சளி வைரஸுக்குத்தான். ஜூனில் பள்ளி திறந்ததும் வரிசையாக வருவது இதனால்தான். கை கழுவும் பழக்கமும், மருத்துவர் சொன்னால் இன்ஃப்ளுயன்சா தடுப்பூசியும் உதவும்.

சாப்பாடு பற்றி ஒரு வருத்தம். வாழைப்பழம் குளிர்ச்சி, தயிர் சளி, ஆரஞ்சு ஆகாது என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் குழந்தை மெலிந்துபோகிறது. பழனி மலையில் விருப்பாட்சி வாழை விளைகிற ஊரிலேயே பிள்ளைக்கு அந்தப் பழம் கிடையாது. உணவு ஒவ்வாமை சிலருக்கு உண்டு, அது வேறு. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தடிப்பு, வாந்தி, மூச்சுத் திணறல் என்று தெளிவாகவே காட்டும். அப்படி எதுவும் இல்லாதபோது பழத்தையும் தயிரையும் நிறுத்துவதால் ஆஸ்துமா குறையாது.

## எதை முதலில் செய்வது

அமெரிக்க நகரங்களில் 900க்கு மேற்பட்ட குழந்தைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2004இல் வந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் எது ஆகவில்லை என்று பார்த்து, அதற்கேற்ப வீட்டில் பல விஷயங்களைச் சேர்த்து மாற்றியபோது இளைப்பு நாட்கள் குறைந்தன. மெத்தைக்கு உறை மட்டும் வாங்கிப் போட்டுவிட்டு ஒன்றும் ஆகவில்லையே என்று ஏமாறும் பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் பெரும்பாலும் பலன் தெரியாது.

கையில் காசு குறைவென்றால் என் வரிசை இது: புகைப் பழக்கங்களை முதலில் நிறுத்துங்கள், அதற்குச் செலவே இல்லை. பிறகு கட்டிலைச் சுவரைவிட்டு நகர்த்தி, ஈரத்துணியை அறைக்குள் காயப்போடுவதை விட்டு, ஜன்னல் நேரத்தை ஒழுங்குபடுத்துங்கள். அப்புறம் படுக்கைத் துணி. மார்ச், ஏப்ரல் வெயிலில் பின்சுவர்க் கால்வாயும் கூரையும். விலை கூடிய காற்றுச் சுத்திகரிப்பு இயந்திரம் கடைசியில், அதுவும் மிச்சக் காசு இருந்தால். ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கிக் குழந்தையின் அறையில் மாட்டினால் நீங்கள் செய்வது பலிக்கிறதா என்று எண்ணிலேயே தெரியும். எந்த இரவில் இருமல் கூடியது, அன்று வீட்டில் என்ன நடந்தது என்று நாட்காட்டியிலேயே குறித்து வாருங்கள்.

## வீட்டை மாற்றினாலும் மருந்து மருந்துதான்

வீட்டைச் சரிசெய்வது இன்ஹேலருக்கு மாற்று இல்லை. இன்ஹேலரில் இரண்டு வகை. தடுப்பு இன்ஹேலர் அழற்சியை ஆற்றும், குழந்தை நன்றாக இருக்கும் நாளிலும் மருத்துவர் சொன்னபடி தொடர வேண்டும். நிவாரண இன்ஹேலர் இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும், இளைப்பு வரும்போது எடுப்பது.

"இன்ஹேலர் பழகிடும், சிரப் போதும்" என்பார்கள். கணக்கைப் பாருங்கள். சால்புடமால் நிவாரண இன்ஹேலரின் ஓர் அழுத்தலில் 100 மைக்ரோகிராம் மருந்து. அதே மருந்தின் சிரப்பில் 5 மில்லியில் 2,000 மைக்ரோகிராம். இருபது மடங்கு மருந்து உடம்பெல்லாம் சுற்றிவிட்டு நுரையீரலுக்கு வருகிறது, கை நடுங்குவதும் படபடப்பும் அதனால்தான். தடுப்பு இன்ஹேலரில் இருக்கும் குறைந்த அளவு ஸ்டீராய்டு முதல் ஆண்டில் வளர்ச்சியை அரை சென்டிமீட்டர் அளவு குறைக்கலாம். அடங்காத ஆஸ்துமா குழந்தைக்குச் செய்யும் கெடுதலோடு ஒப்பிட்டால் அது சின்னது. எடுத்தபின் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு ஸ்பேசர் அவசியம். இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் பிளாஸ்டிக் குடுவை அது. அது இல்லாவிட்டால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே தங்கிவிடும்.

எந்த நிலையில் எத்தனை அழுத்தல், எப்போது கிளம்பி வர வேண்டும் என்று மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுந்தால், ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாகப் பேச முடியாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், குழந்தை துவண்டுபோனால், நிவாரண இன்ஹேலருக்கு அடங்காவிட்டால் அல்லது அடங்கிச் சில மணி நேரத்தில் திரும்ப வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். விசில் சத்தம் திடீரென்று நின்றும் குழந்தை திணறிக்கொண்டே இருந்தால், அது குணமானதற்கு அடையாளம் இல்லை, காற்றே போக முடியவில்லை என்று பொருள். உடனே 108ஐ அழையுங்கள். எஸ்டேட் உள்ளே இருப்பவர்கள், கொண்டை ஊசி வளைவுகளில் ஆம்புலன்ஸ் ஏறி வரும் நேரத்தையும் கணக்கில் வைத்துக்கொண்டு சீக்கிரமே அழைத்துவிட வேண்டும். வண்டி வரும்வரை குழந்தையைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வைத்து, தாளில் எழுதியிருக்கிறபடி ஸ்பேசரில் மருந்து கொடுத்துக்கொண்டே இருங்கள்.